மெட்ரிகுலேஷனா, ஆறாம் படிவமா, தனியாரா? எஸ்.பி.எம். முடித்த வீட்டில் ஒரு கணக்கு

மலேசிய அரசாங்கக் கடிதங்களில் இரண்டு மலாய்ச் சொற்கள் அடிக்கடி வரும். 'சுக்காச்சித்தா' என்று தொடங்கினால் நல்ல செய்தி. 'டுக்காச்சித்தா' என்று தொடங்கினால் மேற்கொண்டு படிக்கவே வேண்டாம். சுகமும் துக்கமும் சித்தமும்தான் மலாய் உடை உடுத்தி அங்கே உட்கார்ந்திருக்கின்றன என்று தமிழ்ப் பிள்ளைக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. 1996-இல் எனக்கு வந்த கடிதம் 'டு'வில் தொடங்கியது. சில மாதங்களுக்கு முன் கிள்ளானில் என் வீட்டு மேசையில் ஒரு பெண் திருப்பிக் காட்டிய கைப்பேசித் திரையிலும் அதே சொல்தான்.

அந்தப் பெண்ணுக்கு, ஐந்தாம் படிவ முடிவில் எழுதும் எஸ்.பி.எம். தேர்வில் எட்டு ஏ. மருந்தியல் படிக்க ஆசை. அப்பா துறைமுகத்துக்கு லாரி ஓட்டுகிறார். பல்கலைக்கழகத்துக்கு முந்தைய ஓராண்டு அரசாங்கப் படிப்பான மெட்ரிகுலேஷன் இல்லை என்று வந்துவிட்டது, மேல்முறையீடு போட்டிருக்கிறார்கள். பள்ளியிலேயே தொடர்ந்து படிக்கும் ஆறாம் படிவத்தில் இடம் வந்திருக்கிறது. நடுவில் ஒரு தனியார் கல்லூரிக்காரர்கள் மூன்று முறை போன் செய்து, "உபகாரச் சம்பளம் தருகிறோம், இந்த வாரத்துக்குள் பதிந்துவிடுங்கள்" என்கிறார்கள்.

"சார், நீங்களே சொல்லுங்க, எதுல சேர்க்கட்டும்?" என்றார் அப்பா.

மகள் கேட்டது வேறு. "சார், என் வகுப்புல ஆறு ஏ எடுத்த பிள்ளைக்குக் கிடைச்சிருக்கு. அப்போ நான் எதுக்கு எட்டு எடுத்தேன்?"

இருபது வருடத்துக்கு மேலாக வேதியியல் டியூஷன் எடுக்கிறேன். ஒவ்வோர் ஆண்டும் இந்த இரண்டு கேள்விகளும் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டேதான் வாசற்படி ஏறும். பின்னலைப் பிரிக்காமல் முடிவெடுத்த வீடுகள் பல. கோபத்தில் தனியாருக்கு ஓடிக் கடனாளியானவர்களும் உண்டு, பெருமைக்காக மெட்ரிகுலேஷனில் போய் உட்கார்ந்து பிள்ளைக்குப் பிடிக்காத பிரிவில் மாட்டிக்கொண்டவர்களும் உண்டு. மகளின் கேள்வியும் நியாயமானது, அப்பாவின் கேள்வியும் நியாயமானது. ஆனால் ஒன்றுக்கான பதிலை மற்றொன்றுக்குப் போடக்கூடாது. இதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

இந்த வரிசைகள் எப்படி வந்தன

சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1969 மே 13 இனக் கலவரத்துக்குப் பிறகு 1971-இல் புதிய பொருளாதாரக் கொள்கை வந்தது. இனம் பார்க்காமல் வறுமையை ஒழிப்பது, இனத்தை வைத்துத் தொழில் பிரிந்து கிடப்பதை மாற்றுவது என்று அதற்கு இரண்டு நோக்கங்கள். அதே ஆண்டு அரசியலமைப்பின் 153-ஆம் பிரிவில் 8ஏ என்ற உட்பிரிவைச் சேர்த்தார்கள். எஸ்.பி.எம்.முக்கு மேற்பட்ட படிப்பில், தகுதியுள்ளவர்களைவிட இடங்கள் குறைவாக இருந்தால், ஒரு பங்கை மலாய்க்காரர்களுக்கும் சபா, சரவாக் பூர்வகுடியினருக்கும் (இவர்களைத்தான் பொதுவாகப் பூமிபுத்ராக்கள் என்பார்கள்) ஒதுக்க மாமன்னர் உத்தரவிடலாம் என்பது அதன் சாரம். பொதுப் பல்கலைக்கழகங்களில் பூமிபுத்ராக்களுக்கு 55, மற்றவர்களுக்கு 45 என்ற பங்கீடு வழக்கத்துக்கு வந்தது. நான் விண்ணப்பித்தது அந்தக் காலத்தில்தான். 45-க்குள் நின்றேன், கேட்ட துறை கிடைக்கவில்லை. விண்ணப்பத்தில் எழுதவே எழுதாத ஒரு துறையைக் கொடுத்தார்கள். படித்தேன்.

2002-இல் அந்தப் பங்கீட்டை எடுத்துவிட்டுத் தகுதி முறை என்றார்கள். ஆனால் பல்கலைக்கழகத்துக்குப் போகும் வழி இரண்டாகவே இருந்தது. ஒன்று ஓராண்டு மெட்ரிகுலேஷன், மற்றொன்று ஆறாம் படிவ முடிவில் எழுதும் எஸ்.டி.பி.எம். தேர்வு. முன்பு பூமிபுத்ராக்களுக்கு மட்டும் என்றிருந்த மெட்ரிகுலேஷனில் மற்றவர்களுக்குப் பத்து விழுக்காடு திறந்தது இந்தச் சமயத்தில்தான். 2019-இல் மொத்த இடங்களை 25,000-இலிருந்து 40,000 ஆக உயர்த்தினார்கள். 90:10 மட்டும் அப்படியே இருந்தது. 2020 கணக்கெடுப்பின்படி குடிமக்களில் பூமிபுத்ராக்கள் 69.4 விழுக்காடு, சீனர்கள் 23.2, இந்தியர்கள் 6.7. அதாவது முப்பது பேர் நிற்கும் வரிசைக்குப் பத்து நாற்காலி.

தமிழ்நாட்டிலிருந்து இதைப் படிப்பவர்கள் "எங்கள் ஊர் 69 விழுக்காடு போலத்தானே" என்பார்கள். போல இல்லை. அங்கே இடஒதுக்கீடு சாதி அடிப்படையில் வருகிறது. ஒதுக்கீட்டுக்கு வெளியே இருக்கும் பொதுப் பிரிவில் யாரும் மார்க்கை வைத்து நுழையலாம். தரவரிசைப் பட்டியல் வெளியாகிறது, கட்-ஆஃப் எவ்வளவு என்று டீக்கடையில்கூடச் சொல்வார்கள். இங்கே மெட்ரிகுலேஷனில் இனத்துக்கு இனம் தனித் தனி வரிசை. பக்கத்து வரிசையில் கடைசி ஆள் எத்தனை மார்க்கில் உள்ளே போனான் என்று உங்களுக்குத் தெரியாது.

மெட்ரிகுலேஷன்

நல்லதை முதலில் சொல்லிவிடலாம். ஓராண்டில் முடியும். தங்குமிடம் உண்டு, மாதப் படித்தொகை உண்டு. கல்லூரிக்குள்ளேயே விரிவுரை, ஆய்வுக்கூடம், டுத்தோரியல் எல்லாம் அடுக்கடுக்காக இருக்கும். இங்கே சேர்ந்த பிள்ளை, ஆறாம் படிவத்தில் சேர்ந்த நண்பனைவிட ஏறக்குறைய ஓராண்டு முன்பே பல்கலைக்கழக வாசலில் நிற்கும். லாரி ஓட்டும் வீட்டுக்கு ஓராண்டு என்பது சின்ன விஷயமா?

கெட்டதும் உண்டு. வேகம். சேர்ந்து மூன்றாவது வாரத்திலேயே முதல் சோதனை வந்துவிடும் என்று என் பிள்ளைகள் சொல்வார்கள். எஸ்.பி.எம்.மில் மனப்பாடம் செய்து ஏ வாங்கிய பிள்ளைக்கு மூச்சு வாங்கும். இரண்டே பருவம், முதல் பருவத்தில் தடுக்கினால் எழுந்து சரிசெய்ய நேரம் இல்லை. கல்லூரி எங்கே கிடைக்கும் என்பதும் நம் கையில் இல்லை. பந்திங்கில் கிடைத்தால் கிள்ளான் பிள்ளைக்குப் பக்கத்து வீடு மாதிரி. சங்லூனில் கிடைத்தால் தாய்லாந்து எல்லைக்குப் பக்கத்தில் போய் இறங்க வேண்டும். இன்னொன்று, எந்தப் பிரிவில் இடம் கொடுத்திருக்கிறார்கள் என்பதைக் கண்ணாடி போட்டுப் பாருங்கள். அறிவியல் கேட்டுக் கணக்கியல் கிடைத்தவர்கள் உண்டு. 'மெட்ரிக் கிடைத்துவிட்டது' என்ற சந்தோஷத்தில் அதை யாரும் படிப்பதில்லை. மருந்தியல் ஆசை உள்ள பிள்ளை கணக்கியல் பிரிவில் போய் உட்கார்ந்தால் அந்த ஆசை அன்றே முடிந்தது.

2024-இல் பிரதமர் அன்வார் ஒன்று அறிவித்தார்: எஸ்.பி.எம்.மில் பத்து ஏ அல்லது அதற்கு மேல் எடுத்த எல்லாருக்கும், எந்த இனமானாலும், மெட்ரிகுலேஷனில் இடம் உறுதி. நல்ல அடி எடுத்துவைப்பு. ஆனால் அடுத்த ஆண்டே ஏ-மைனஸ் அந்தப் பத்தில் சேராது என்று தகராறு கிளம்பியது. ஆகவே சான்றிதழைக் கையில் வைத்து எண்ணும்போது ஏ-மைனஸை எண்ணாமல் எண்ணிப் பழகுங்கள். அப்புறம், நம் பள்ளிகளில் பல பிள்ளைகள் பத்துப் பாடமே எடுப்பதில்லை. ஒன்பது எடுத்து ஒன்பதிலும் ஏ வாங்கியவனுக்கு இந்த வாக்குறுதி பொருந்தாது. எட்டு ஏ எடுத்த அந்தப் பெண்ணும் அப்படித்தான் வெளியே நின்றாள்.

ஆறாம் படிவம்

எனக்கு ஆறாம் படிவத்தின் மேல் ஒரு பிரியம் உண்டு, மறைக்கவில்லை. அந்த வழியாகத்தான் நான் வந்தேன். அதனால் நான் சொல்வதில் கொஞ்சம் உப்புக் குறைத்து எடுத்துக்கொள்ளுங்கள்.

நம் ஆட்கள் ஆறாம் படிவத்தை 'ஒன்றும் கிடைக்காதவன் போகும் இடம்' என்று ஆக்கிவைத்திருக்கிறார்கள். கல்யாண வீட்டில் "பிள்ளை எங்கே படிக்குது?" என்று கேட்டால், "மெட்ரிக்" என்பதற்கு நிமிரும் அம்மா "ஃபாம் சிக்ஸ்" என்பதற்குக் குனிகிறார். இது வெறும் கௌரவக் கணக்கு. எஸ்.டி.பி.எம். ஒன்றரை ஆண்டு, மூன்று தவணை. மூன்றின் மதிப்பெண்ணும் சேர்ந்துதான் இறுதி முடிவு. ஒரு தவணை சறுக்கினால் மறுபடி எழுத வாய்ப்பு உண்டு. வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்களும் ஏற்கின்றன. மெட்ரிகுலேஷன் சான்றிதழோ முதன்மையாக உள்நாட்டுக்கானது. செலவு அனேகமாக ஒன்றுமில்லை, வீட்டிலிருந்து போய் வரலாம். கலைப் பிரிவில் தமிழ்மொழியை ஒரு பாடமாகவே எடுக்கலாம். மலாயாப் பல்கலைக்கழகத்தில் 1956-இல் தொடங்கிய இந்திய ஆய்வியல் துறைக்குப் போய்ச் சேர்ந்தவர்களில் எத்தனையோ பேர் இந்த வழியாக வந்தவர்கள்.

கஷ்டமும் அதே அளவுக்கு உண்டு. பொதுப்பாடமான பெங்காஜியான் ஆமில் மலாய்மொழியில் கட்டுரை எழுத வேண்டும். இயற்பியலில் ஏ வாங்கும் பிள்ளை இதில் பி-ப்ளஸ் வாங்கிக்கொண்டு வந்து என் முன்னால் உட்கார்ந்து அழுததைப் பார்த்திருக்கிறேன். வேதியியல் எவ்வளவு ஆழம் என்றால், முதல் தவணைப் புத்தகத்தைப் பார்த்து ஒரு பையன் "சார், இது யூனிவர்சிட்டி புக்கா?" என்று கேட்டான்.

இங்கே கொஞ்சம் நின்று ஒரு கணக்குப் போடுவோம். பொதுப் பல்கலைக்கழகங்களுக்கான விண்ணப்ப முறையான யூ.பி.யூ. வழியாக விண்ணப்பிக்கும்போது நூறு மதிப்பெண்ணில் தொண்ணூறு கல்விக்கு, பத்து புறப்பாட நடவடிக்கைக்கு, அதாவது 'கோகு'வுக்கு. பாயிண்டரை, அதாவது நான்குக்கு எடுத்த சராசரிப் புள்ளியை, நான்கால் வகுத்துத் தொண்ணூறால் பெருக்கினால் முதல் பங்கு வரும்.

என்னிடம் படித்த இரண்டு பேர். ஒருத்தி நான்கு பாடத்திலும் ஏ-மைனஸ், பாயிண்டர் 3.67. கல்விக்கு 82.58. பள்ளியில் எந்தச் சங்கத்திலும் தலைகாட்டவில்லை, கோகு 6. மொத்தம் 88.58. இன்னொருத்தன் ஒரு ஏ, ஒரு ஏ-மைனஸ், இரண்டு பி-ப்ளஸ். பாயிண்டர் 3.58, கல்விக்கு 80.55. ஆனால் சாரணர் இயக்கத்தில் பொறுப்பு, மாநில அளவில் ஓட்டப்பந்தயம், கோகு 9. மொத்தம் 89.55. படிப்பில் பின்னால் இருந்தவன் வரிசையில் முன்னால் போய்விட்டான். கோகுவில் மூன்று மதிப்பெண் என்பது பாயிண்டரில் 0.13-க்குச் சமம். அந்த 0.13-ஐப் படித்து எடுக்க எத்தனை இரவு விழிக்க வேண்டும் என்று ஆறாம் படிவத்துப் பிள்ளையைக் கேளுங்கள். கோட்டாவைத் திட்டிக்கொண்டிருக்கும் நேரத்தில் பாதியைக் கோகுவுக்குக் கொடுத்திருந்தால் கிடைத்திருக்கும் இடங்களை நான் எண்ணிக் காட்ட முடியும். இதைச் சொன்னால் பெற்றோருக்குக் கோபம் வருகிறது. வரட்டும்.

யூ.பி.யூ.வின் இ-பண்டுவான் பக்கத்தில் ஒவ்வொரு துறைக்கும் முந்தைய மாணவர்களின் சராசரித் தகுதி மதிப்பெண் போட்டிருப்பார்கள். பிள்ளை முதல் தவணை எழுதிய உடனே அதைப் பாருங்கள். கடைசி நாளில் பார்த்துவிட்டு "அய்யோ 96-ஆ" என்று நெஞ்சைப் பிடிப்பதில் பயன் இல்லை.

ஆனாலும் இந்த வழியில் ஒரு முள் இருக்கிறது, அதை மூடி மறைக்க மாட்டேன். மெட்ரிகுலேஷனின் 4.00-வும் எஸ்.டி.பி.எம்.மின் 4.00-வும் கடைசியில் ஒரே தட்டில் வைக்கப்படுகின்றன. இரண்டு வேறு பாடத்திட்டம், இரண்டு வேறு தேர்வு, ஒரே தராசு. 2025-இல் எஸ்.டி.பி.எம்.மில் 4.00 எடுத்து, கோகுவும் சேர்த்து 99.90 வைத்திருந்த மாணவர் ஒருவருக்குக் கேட்ட கணக்கியல் கிடைக்காமல், வேறு பல்கலைக்கழகத்தில் நிர்வாகத் துறை கிடைத்தது. நாடே பேசியது. பல மடங்கு கட்டணம் கட்டினால் அதே துறைக்கு வேறு வாசல் வழியாகப் போகலாமே என்ற பேச்சும் கூடவே எழுந்தது. அந்தச் செய்தி வந்த வாரம் என் வகுப்பில் ஒருவரும் புத்தகத்தைத் திறக்கவில்லை. 0.10-ஐ எங்கே போய் வாங்குவது என்று ஒருவன் கேட்டதற்கு எல்லாரும் சிரித்தார்கள். சிரிப்பு நன்றாக இல்லை.

தனியார்

பணம் இருப்பவர்களுக்கு இந்தப் பகுதி தேவையில்லை. இல்லாதவர்களுக்கு மூன்றே விஷயம். ஓராண்டு அடிப்படைப் படிப்புக்கே ஐந்திலக்க ரிங்கிட் ஆகும், அதற்கு மேல் பட்டப்படிப்பு தனி. அரசாங்கத்தின் உயர்கல்விக் கடனான பி.டி.பி.டி.என். டிப்ளோமாவுக்கும் பட்டத்துக்கும்தான். அடிப்படை ஆண்டின் செலவு கையிலிருந்து போகும் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு தனியார் பல்கலைக்கழகத்தின் அடிப்படைப் படிப்பு பெரும்பாலும் அந்த வளாகத்துக்குள்தான் செல்லும், ஆகவே உள்ளே போனபின் பொதுப் பல்கலைக்கழக வாசல் அனேகமாகப் பூட்டிக்கொள்ளும். 'உபகாரச் சம்பளம்' என்று போனில் சொல்வது பல நேரம் கட்டணத்தில் ஒரு தள்ளுபடி. எத்தனை விழுக்காடு, எத்தனை ஆண்டுக்கு, பாயிண்டர் குறைந்தால் என்ன ஆகும் என்று எழுத்தில் கேளுங்கள். எழுதித் தரத் தயங்கினால் போனை வைத்துவிடுங்கள்.

நம் சமுதாயத்துக்கென்று கெடா பீடோங்கில் ஏம்ஸ்ட் பல்கலைக்கழகம் 2001-இல் வந்தது. மலேசிய இந்தியக் காங்கிரசான ம.இ.கா.வின் கல்விக் கரமான எம்.ஐ.இ.டி. நிறுவியது. பொது வாசலில் இடம் கிடைக்காத தமிழ்ப் பிள்ளைகளுக்காகத்தான் அந்தக் கட்டடங்கள் எழுந்தன. எத்தனையோ டாக்டர்கள் வெளியே வந்திருக்கிறார்கள். ஆனால் அதுவும் தனியார்தான், கட்டணம் கட்டணம்தான்.

இதையெல்லாம் பேசும்போது எல்லாரும் மறந்துவிடும் ஒரு வழி ஆசிரியர் பயிற்சிக் கழகம். எஸ்.பி.எம். முடிவோடு நேராக விண்ணப்பிக்கலாம். ஓராண்டு தயார்நிலை, நான்காண்டு பட்டம், படித்தொகையும் உண்டு. தமிழ்ப்பள்ளிக்குத் தமிழ்மொழி ஆசிரியர் வேண்டுமென்றால் தமிழ் படித்த பிள்ளைதான் வேண்டும். இந்த நாட்டில் தமிழ் தெரிந்திருப்பதே நுழைவுச் சீட்டாக இருக்கும் அரசாங்க வரிசை இது ஒன்றுதான் என்று நான் வேடிக்கையாகச் சொல்வது வழக்கம். ஆனால் பிள்ளைக்குப் பாடம் நடத்தும் ஆசை இருக்க வேண்டும். 'வேறு வழியில்லை' என்று போன வாத்தியாரிடம் ஆறு வயதுப் பிள்ளைகள் மாட்டிக்கொள்ளக்கூடாது.

பிள்ளைகள் என்ன நினைக்கிறார்கள்

பெரியவர்கள் கோட்டாவைப் பற்றி ஐம்பது வருடமாக ஒரே மாதிரி பேசுகிறோம். பிள்ளைகள் அப்படி இல்லை. எந்த வரிசையில் நிற்கிறார்களோ அதற்கேற்ப அவர்கள் பேச்சு மாறுகிறது. இதை நான் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன்.

2012-இல் மெட்ரிகுலேஷனில் இந்திய மாணவர்களுக்கு 1,500 இடங்கள் என்று அரசாங்கம் அறிவித்தது. 2007 நவம்பர் 25-இல் கோலாலம்பூர் வீதியில் இந்தியர் உரிமை இயக்கமான இண்ட்ராஃபின் பேரணி நடந்து, அடுத்த ஆண்டுத் தேர்தலில் ஆளுங்கட்சி ஆட்டம் கண்டதற்குப் பிந்தைய காலம் அது. அந்த ஒதுக்கீட்டில் போன என் மாணவன் ஒருவன், விடுமுறையில் வந்தபோது சொன்னான்: "சார், போறதுக்கு முன்னாடி நான்தான் வாட்ஸ்அப்ல கோட்டாவைத் திட்டிக்கிட்டு இருந்தேன். உள்ள போனதும் பேசறதை நிறுத்திட்டேன். எங்களையும் 'இந்தியன் கோட்டா'ன்னு சொல்றாங்க." அவன் ஒன்பது ஏ. யாருக்கும் சளைத்தவன் இல்லை. ஆனாலும் தான் மார்க்கில் வந்தோமா, அரசியலில் வந்தோமா என்ற சந்தேகம் அவனை விட்டுப் போகவில்லை. ஒதுக்கீட்டில் வருபவன் தலையில் இந்தச் சந்தேகத்தையும் சேர்த்தே ஏற்றிவிடுகிறார்கள். மலாய்ப் பிள்ளைகளுக்கும் இது உண்டு, வெளியே சொல்ல மாட்டார்கள்.

என் வகுப்புக்கு மலாய்ப் பிள்ளைகளும் வருவார்கள். காப்பாரிலிருந்து ஒரு பையன், அம்மா காலையில் நாசி லெமாக் விற்கிறார். என்னைச் 'சிக்கு', அதாவது வாத்தியார், என்று கூப்பிடுவான். எஸ்.பி.எம். முடித்து மெட்ரிகுலேஷன் கிடைத்ததும் சொல்ல வந்தான். கோட்டா பற்றி நானாகக் கேட்கவில்லை, அவனாகத்தான் ஆரம்பித்தான். "சிக்கு, எங்கள் குடும்பத்தில் பல்கலைக்கழகம் எந்தப் பக்கம் இருக்கிறது என்றுகூட யாருக்கும் தெரியாது. இது இல்லையென்றால் நான் தொழிற்சாலைக்குப் போயிருப்பேன்." கொஞ்ச நேரம் கழித்து, அதே வகுப்பில் ஷா ஆலமிலிருந்து காரில் டிரைவரோடு வந்து இறங்கும் இன்னொரு மலாய் மாணவனின் பெயரைச் சொல்லி, "அவன் ஏன் என் வரிசையில் நிற்கிறான்?" என்றான். கோட்டாவைப் பற்றி என் காதில் விழுந்த கேள்விகளில் இதைவிடக் கூர்மையானது வேறில்லை. லாரி ஓட்டுநரின் மகள் கேட்டதும் இதுவேதான், வேறு முனையிலிருந்து.

எல்லா மலாய் மாணவர்களும் அப்படி நினைக்கிறார்கள் என்று நான் சொல்ல வரவில்லை. 2008-இல் அப்போதைய சிலாங்கூர் மந்திரி பெசார் (மாநில முதல்வர்) காலிட் இப்ராஹிம், பூமிபுத்ராக்களுக்கு மட்டுமான யூ.ஐ.டி.எம். பல்கலைக்கழகத்தில் பத்து விழுக்காட்டை மற்றவர்களுக்குத் திறக்கலாம் என்று சொன்னதற்கு ஷா ஆலமில் ஆயிரக்கணக்கான மாணவர்கள் ஊர்வலம் போனார்கள். 2024 மே மாதம், இருதய அறுவை சிகிச்சைப் பயிற்சி ஒன்றுக்கு மட்டும் மற்ற இன டாக்டர்களைச் சேர்க்கலாம் என்ற யோசனை வந்தபோது, அங்குள்ள மாணவர் அமைப்பு எல்லாரையும் கறுப்பு உடுத்தி வரச் சொன்னது. நாட்டில் இருதய அறுவை நிபுணர்கள் போதாமல் இருப்பதைப் பற்றிய பேச்சு அது. அது உடை நிறத்தில் போய் முடிந்தது. அவர்கள் பயத்தை நான் கேலி செய்யவில்லை. ஒரு கதவு விரிந்தால் வீடே போய்விடும் என்று அவர்களுக்குச் சொல்லிச் சொல்லி வளர்த்திருக்கிறார்கள். பெரியவர்களும் உதவவில்லை. 2019-இல் கல்வி அமைச்சராக இருந்த மஸ்லி மாலிக், தனியார் வேலைகளில் மாண்டரின் கேட்பதை இந்தக் கோட்டாவோடு சேர்த்து முடிச்சுப்போட்டுப் பேசினார். மாண்டரின் தெரியாத தமிழ்ப் பிள்ளை அந்தக் கணக்கில் எங்கே வருகிறது என்று யாரும் சொல்லவில்லை.

என்ன செய்யலாம் என்று பிள்ளைகளிடம் கேட்டால் மூன்று பதில் வரும். இப்படியே விடலாம் என்பது ஒன்று. எல்லாருக்கும் ஒரே தேர்வு வைக்கலாம் என்பது ஆறாம் படிவத்துப் பிள்ளைகளின் பல்லவி. இனத்தை விட்டுவிட்டுக் குடும்ப வருமானத்தைப் பார்க்கலாம் என்பது மூன்றாவது. எனக்கு மூன்றாவதுதான் பிடிக்கும். வருமானத்தைப் பார்த்தாலும் இடம் பெறுபவர்களில் அதிகம் பேர் மலாய்ப் பிள்ளைகளாகவே இருப்பார்கள், ஏனென்றால் நாட்டின் ஏழைகளில் அவர்கள்தான் அதிகம். நாசி லெமாக் வீட்டுப் பையன் எதையும் இழக்க மாட்டான். தோட்டத்திலிருந்து அடுக்குமாடிக்கு வந்து சேர்ந்த நம் வீட்டுப் பிள்ளையும் உள்ளே வரும். டிரைவரோடு வருபவன்தான் வேறு வழி பார்க்க வேண்டும். ஆனால் உடனே செய்யக்கூடியது இரண்டாவது. ஒரே பாடத்திட்டம், ஒரே தேர்வு, அதன்மேல் ஒதுக்கீடு வேண்டுமென்றால் இத்தனை விழுக்காடு என்று வெளிப்படையாகச் சொல்லிவிட்டுப் போகட்டும். என் பிள்ளைகளிடம் கேட்டுப் பார்த்திருக்கிறேன். 'உனக்கு இடமில்லை' என்பதைவிட, 'ஏன் இல்லை என்று சொல்ல மாட்டோம்' என்பதுதான் அவர்களை அதிகம் வதைக்கிறது.

சரி, எதில் சேர்ப்பது

இதெல்லாம் மகளின் கேள்விக்கான பதில். அப்பாவின் கேள்விக்கு இதில் எதுவும் உதவாது. அதற்கு நான் கேட்பது மூன்றே: என்ன துறை வேண்டும், பிள்ளை எப்படிப் படிக்கும், வீட்டில் எத்தனை மாதத்துக்குத் தாங்கும்.

மருத்துவம், மருந்தியல், பொறியியல் என்று துறை தெளிவாக இருந்து, பிள்ளை வேகமாகப் பிடித்துக்கொள்ளும் ரகமாக இருந்து, மெட்ரிகுலேஷனில் சரியான பிரிவும் கிடைத்தால் கண்ணை மூடிக்கொண்டு போகலாம். 'கோட்டா இடம் எனக்கு வேண்டாம்' என்று வீராப்புப் பேசி விட்டுக்கொடுத்த ஒரு பையனை எனக்குத் தெரியும். அந்த இடத்தில் கோட்டாவை எதிர்த்து யாரும் உட்காரவில்லை, வரிசையில் அடுத்து நின்றவன் உட்கார்ந்தான். ஆறப்போட்டு ஆழமாகப் படிக்கும் பிள்ளைக்கும், எந்தத் துறை என்று இன்னும் தெளியாத பிள்ளைக்கும், மொழி, சட்டம், பொருளாதாரம் என்று போகும் பிள்ளைக்கும் ஆறாம் படிவம். தனியாருக்கு, முழுப் பட்டத்துக்கும் ஆகும் பணத்தை ஒரு தாளில் எழுதிப் பார்த்த பிறகுதான். அடிப்படை ஆண்டுக்கு மட்டும் எழுதிப் பார்த்துவிட்டுச் சேர்ப்பவர்கள்தான் இரண்டாம் ஆண்டில் என்னிடம் வருகிறார்கள்.

லாரிக்கார அண்ணனிடம் சொன்னேன்: "அண்ணே, போன் வந்தா எடுக்காதீங்க. திங்கட்கிழமை ஆறாம் படிவத்துல சேர்த்துடுங்க. மேல்முறையீடு வந்தா அன்னிக்குப் பேசிக்கலாம்." மேல்முறையீட்டுக்காக வீட்டில் காத்திருக்கும் பிள்ளைதான் இரண்டு பக்கமும் தோற்கும்.

ஆறாம் படிவத்தில் சேர்ந்து நான்காவது வாரம் மெட்ரிகுலேஷனிலிருந்து பதில் வந்தது. இந்த முறை 'சு'. அறிவியல் பிரிவு, கல்லூரி கோப்பெங்கில். அதற்குள் வேதியியலில் மூலக்கூறு வடிவங்களை முடித்திருந்தாள், பள்ளி ஹாக்கிக் குழுவில் பெயர் கொடுத்திருந்தாள், தோழிகளும் கிடைத்துவிட்டார்கள். போக மனமில்லை என்றாள். என் பிரியத்தை ஓரம் கட்டிவைத்துவிட்டு அந்த மூன்று கேள்விகளை மறுபடி கேட்டேன். துறை, மருந்தியல். படிப்பு, வேகம்தான். வீடு, அப்பாவுக்கு முதுகுவலி தொடங்கிவிட்டது, இன்னும் மூன்று வருடம் லாரி ஓட்டுவார், நான்காவது வருடம் சந்தேகம்.

ஞாயிற்றுக்கிழமை அப்பா லாரியை விட்டுவிட்டு ஒரு கார் இரவல் வாங்கி கோப்பெங்குக்கு ஓட்டினார். நான்கு வாரத்துக் குறிப்பு நோட்டை அவள் கையோடு எடுத்துப்போனாள். மூலக்கூறு வடிவம் அங்கேயும் வரும்.